காயாத தேசிங்கு

கேட்கிறவர்கள் கேளுங்கள், நம்புகிறவர்கள் நம்புங்கள், கருவாட்டு வாடை ஆகாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். கோரைக்குப்பத்தில் தேசிங்கு என்று ஒருவன் இருந்தான், அவன் இல்லாமல் போனான், இல்லாமல் போன பிறகுதான் அந்த ஊருக்கு அவன் வேண்டியவன் ஆனான். நான் கோரைக்குப்பத்துக்காரன் இல்லை, அதற்கு வடக்கே முகத்துவாரம் தாண்டி இருக்கிற மணக்குப்பத்துக்காரன். இரண்டு ஊருக்கும் வலைத் தகராறு உண்டு, பெண் கொடுக்கல் வாங்கலும் உண்டு, ஆகையால் நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொய் மட்டும் இருக்காது.

முதலில் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும்போது, கும்பகோணம் பக்கமிருந்து சௌந்தரவல்லி என்கிற பெட்டிக்காரி டிவிஎஸ் வண்டியின் பின்னால் கதைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள். மாமரப் பலகையில் செய்த பெட்டி. மூடியிருந்தால் ஒரு சின்னப் பீரோ, திறந்தால் கதவுக்குள் கதவு, அந்தக் கதவுக்குள் இன்னொரு கதவு என்று விரிந்துகொண்டே போய், கடைசியில் உள்ளறையில் எல்லையம்மன் உட்கார்ந்திருப்பாள். வெளிக்கதவுகளில் கன்னிமார் கதை, உள்கதவுகளில் எங்கள் கதை. குடும்பத்துக்கு ஒரு கதவு. அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் எல்லாரும் அதில் வரிசையாக நிற்பார்கள், செங்காவி உடம்பும் மஞ்சள் வேட்டியுமாக, சௌந்தரவல்லி மயிலிறகால் ஒவ்வொருவரையும் தொட்டு, இன்னார் மகன் இன்னான், இன்ன காற்றில் போனான், இன்ன குழம்புக்கு ஆசைப்பட்டான் என்று பாட்டாகச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள், ஆண்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் எழுந்து போவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பெயர் சொல்லித் தொட்டால் போதும், செத்தவன் ஊரைத் தொந்தரவு செய்ய மாட்டான்.

தரையில் செத்தவனுக்கு வர்ணத்தில் சுடுகாட்டுச் சாம்பலைக் கலப்பாள். கடல் கொண்டுபோய் உடம்பைத் திருப்பித் தராதவனுக்கு ஒரு கை கடல்தண்ணீர் கலப்பாள். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவாள். கண் திறந்தால்தான் செத்தவன் செத்தவன். அதுவரை பெண்டாட்டி பூவும் பொட்டும் வைத்துக்கொள்ளலாம், அவன் வலைப்பங்கு அவன் வீட்டுக்கே வரும். அந்த வீட்டில் கல்யாணம் மட்டும் நடக்கக்கூடாது, ஏனென்றால் கதவு ஏறாதவன் பந்தியில் தன் இலையைத் தேடிக்கொண்டு வருவான். காணாமல் போனவனை ஏழு வருஷம் பார்க்கச் சொல்கிறது சர்க்கார். எங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பெட்டி இரண்டு முறை வந்து போகட்டும் என்று பார்ப்போம், மூன்றாம் முறை எழுதிவிடுவோம்.

தேசிங்கு நண்டு வலை போடத் தனியாகப் போனவன். வாடைக்காற்று திடீரென்று திரும்பிய ஒரு காலையில் அவனும் படகும் சேர்ந்தே காணாமல் போனார்கள், ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அவன் பெண்டாட்டி தையல்நாயகி, பிள்ளை இல்லாதவள், கருவாடு காயப்போட்டு நாகப்பட்டினம் சந்தையில் விற்கிறவள், அழவில்லை. எல்லாரும் அழச் சொன்னார்கள், அவள் அழவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “வயிறு நெறயச் சாப்புட்டு எழுந்திரிக்கிறேன், கை கழுவுறதுக்குள்ள திரும்பப் பசிக்குது. அது எம் பசி இல்ல” என்றாள். சரி, மனசு தெளியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் தேசிங்குக்கு ஏகாம்பரம் என்று ஒரு தம்பி. அவனுக்குக் காரைக்கால் பக்கம் பெண் பார்த்து, நிச்சயமும் ஆகி, பெண்வீட்டார் பெட்டி வந்துபோன கணக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை சௌந்தரவல்லியின் வண்டி மணலில் சிக்கி உறுமும் சத்தம் கேட்டதுமே ஏகாம்பரம் ஓடிப்போய்த் தள்ளிக்கொடுத்தான். எழுத வேண்டும் என்றான். பெண்டாட்டி எங்கே, கடல்தண்ணீர் அவள்தானே கொண்டுவர வேண்டும் என்று சௌந்தரவல்லி கேட்டாள். அண்ணிக்கு மனசு சரியில்லை, நான் கொண்டுவருகிறேன் என்றான். அவள் நாட்டார் பரமானந்தத்தைப் பார்த்தாள். நாட்டார் என்றால் அந்த ஊரின் தலைவர், நல்ல மனுஷன், ஒருத்தரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அவர் மெல்லத் தலையாட்டினார். முறைப்படி நடந்திருக்க வேண்டிய காரியத்தில் நடந்த பிசகு இந்த ஒரு தலையாட்டல்தான்.

அன்று மதியத்துக்குள் தேசிங்கு கதவில் ஏறிவிட்டான். கண்ணும் திறந்தாயிற்று. ஆள் அப்படியே வந்திருந்தான் என்று சொன்னார்கள், அந்தச் சாய்ந்த தோளும், எதையோ சொல்ல வந்து விட்டுவிட்ட மாதிரியான வாயும். மறுநாள் காலையில் சௌந்தரவல்லி பெட்டியை மடிக்கப் போனபோது விரலில் செங்காவி ஒட்டியது. வேப்பம்பிசின் கலந்த வர்ணம், நிழலில் வைத்தாலே அரைப்பொழுதில் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தாள், காயவில்லை. விசிறினாள், காயவில்லை. தவிட்டைத் தூவித் துடைத்துப் பார்த்தாள், தவிடு நனைந்தது, படம் நகரவில்லை. பக்கத்தில் நின்ற தேசிங்கின் அப்பனும் தாத்தனும் உலர்ந்து மொடமொடவென்று இருக்க, இவன் மட்டும் குளித்துக் கரையேறியவன் மாதிரி ஈரமாகவே நின்றான்.

ஈரக் கதவை மடித்தால் அடுத்த கதவில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு குடும்பத்துச் செத்தவர்களும் ஒருவர்மேல் ஒருவர் அப்பிக்கொள்வார்கள், பிறகு யார் பெயரைச் சொல்லி யாரைத் தொடுவது? ஆகையால் பெட்டியை மூட முடியவில்லை, மூட முடியாததால் சௌந்தரவல்லி கிளம்ப முடியவில்லை, கிளம்ப முடியாததால் அவள் வைத வசவை எல்லாம் ஊர் கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஆசாரியை வரவழைத்துக் கீலைக் கழற்றி, தேசிங்கு வீட்டுக் கதவை மட்டும் தனியாக எடுத்து, எல்லையம்மன் கோயில் பக்கத்து வலைக்கொட்டகையில் சாய்த்து வைத்தார்கள். காய்ந்ததும் மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் பல் விழுந்த பெட்டியோடு அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். இதை எங்களுக்குச் சொன்னவள் அவள்தான். என் தொழிலில் இப்படி நடந்ததில்லை, ஆனால் எதுவும் ஒரு நாள் முதல் தரமாக நடக்கத்தானே வேண்டும் என்றாள்.

தையல்நாயகி அன்றைக்குத்தான் கொட்டகைக்கு வந்தாள். கிட்டே போய், தோளில் விரலை வைத்து எடுத்து, அந்த விரலைப் பார்த்தாள். “காயலன்னா இருக்காருன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டுப் போய், தாழம்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். கோரைக்குப்பத்துக்காரர்கள் திருதிருவென்று முழித்தார்கள்.

முழித்தார்களே தவிர திகைத்து நின்றுவிடவில்லை. பஞ்சாயத்தார் கூடி, கண் திறந்துவிட்டதால் கல்யாணம் நடக்கிற அளவுக்கு அவன் செத்துவிட்டான் என்றும், ஈரம் காயாததால் தாலி இறக்க வேண்டாத அளவுக்கு உயிரோடு இருக்கிறான் என்றும், வலைப்பங்கு மட்டும் யாருக்கு என்பது இழுபறியாக இருப்பதால் இப்போதைக்குத் தம்பி வைத்துக்கொள்ளட்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த மாதிரி ஒரு தீர்ப்பை எங்கள் ஊரில் சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். ஏகாம்பரம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மணமக்கள் கொட்டகைக்குப் போய்க் கதவைக் கும்பிட்டார்கள், புதுப்பெண்ணின் பட்டுப்புடவையில் செங்காவி ஒட்டியது, அதைச் சகுனம் என்று சொல்லி யாரும் துவைக்க விடவில்லை.

செல்லக்கண்ணுதான் முதலில் கண்டுபிடித்தான். அவன் கடல் காரியத்தில் கெட்டிக்காரன். அவன் பெண்டாட்டி ஆனந்தாயி, தையல்நாயகியோடு ஒன்றாகக் கருவாட்டுக் கூடை தூக்குகிறவள், ஒன்றாகப் பூப்பெய்தியவள். கொட்டகையில் வலை பிரிக்கும்போது தேசிங்கின் காலடியில் ஈரம் கூடி, கீழ்ச்சட்டத்தில் சொட்டுச் சொட்டாக விழுவதைச் செல்லக்கண்ணு பார்த்தான், நாக்கில் வைத்தான், உப்புக் கரித்தது. என்னவோ தோன்றி அன்று கடலுக்குப் போகவில்லை. வானம் பளிச்சென்றிருந்தது, போனிலும் புயல் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை; மறுநாள் கொண்டல்காற்று எழுந்து எங்கள் ஊர்ப் படகு இரண்டைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு கவனித்தார்கள். கால் நனைந்தால் போகக்கூடாது. மார்பில் முத்து முத்தாக வேர்த்தால் கடல் பால் மாதிரி கிடக்கும், மத்தியும் கானாங்கெளுத்தியும் வலை தாங்காமல் வரும். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. போன் எச்சரிக்கிறது, ரேடியோ எச்சரிக்கிறது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், அதெல்லாம் பாதிநாள் சும்மா. தேசிங்கு சொன்னால் சொன்னதுதான்.

பிறகென்ன, கொட்டகைக்குத் தகரக்கூரை வந்தது. டைல்ஸ் வந்தது. விடியுமுன் ஆண்கள் எல்லாரும் வந்து தேசிங்கின் காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு டீசல் ஊற்றுவார்கள். சொட்டுகிற தண்ணீரைப் பித்தளைத் தட்டில் பிடித்துப் பிள்ளைகளுக்குத் தெளித்தார்கள். வானத்தைப் பார்க்கிற பழக்கம் போயிற்று, நீரோட்டம் பார்க்கிற பழக்கம் போயிற்று, அலை விழுகிற சத்தத்தை வைத்துக் காற்றைச் சொல்கிற பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் கோரைக்குப்பத்தில் ஒரு தாலிகூட இறங்கவில்லை. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதே வருஷம் என் மச்சான் போனான், அவன் பெண்டாட்டியை நான் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், அதனால் அந்தக் கதவின் அருமை எனக்கும் தெரியும்.

தையல்நாயகி மட்டும் காலைப் பார்க்க மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். தினமும் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பாள். இளைத்துவிட்டார் என்றாள் ஒரு நாள். பார்த்தார்கள், விலா எலும்பு தெரிந்தது. வர்ணம் வழிகிறது என்று நாட்டார் சொன்னார். தாடி வளர்ந்திருக்கிறது என்றாள். பூசணம் என்றார்கள். இடது முழங்காலுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு விழுந்து மெல்ல மெல்ல அகலமானது. அவள் அதைக் காட்டியபோது எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மனுஷன் கண்ணுக்குத் தனக்கு வேண்டியது மட்டும்தான் தெரியும் என்பதை நான் அந்த ஊரில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

தை மாசத்தில் காரைக்காலிலிருந்து நைனா முகம்மது என்று ஒரு கப்பல் சமையல்காரர் வந்தார். ஊர் பெயரைத் தப்பாகச் சொல்லி முதலில் எங்கள் ஊருக்குத்தான் வந்தார், நான்தான் அவரை முகத்துவாரம் தாண்டி அழைத்துக்கொண்டு போனேன், அதனால் அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கிழக்கே வெகுதூரத்தில் ஒரு தீவு, கப்பல் தண்ணீர் பிடிக்க நின்ற இடம். கரையோரத்தில் ஒரு தகரக் கொட்டாய், அதுதான் அந்தத் தீவுக்காரர்களின் சிறை. அதில் ஒரு தமிழ் ஆள், காற்றில் அடித்துப் போய் ஒதுங்கினவர், எல்லை தாண்டியவன் என்று பிடித்துவைத்திருக்கிறார்கள். சோறு கொடுத்தபோது கோரைக்குப்பம் என்றும் தையல்நாயகி என்றும் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இவர் நம்ம ஆள்தான் என்று ஊர் நாட்டார் கலெக்டர் ஆபீசில் நேரில் சொல்லி, சர்க்கார் வழியாக ஆள் போனால் விட்டுவிடுவார்கள், அங்கே இருப்பவர்களுக்கும் அவரை வைத்துச் சோறு போட ஆசையில்லை என்றார்.

கொட்டகையே நிறைந்து உட்கார்ந்திருந்தது. தையல்நாயகி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சமையல்காரர் சொன்னார்.

“வெயில் நாள்ல கல்லு ஒடைக்க வுடுறாங்கம்மா, நெஞ்செல்லாம் வேர்த்து ஊத்தும். காத்து தூக்குனா கொட்டாய்க்குள்ள கடல் வந்துடும். கால்ல புண்ணு, உக்கார முடியாது. தண்ணி வடியிற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்பாரு.”

செல்லக்கண்ணு தன் கையைப் பார்த்தான், அன்று விடியலில் தேசிங்கின் காலைத் தடவின கை. அங்கே அடிக்கிற காற்று இங்கே வந்து சேர ஒரு நாள் ஆகும் என்பது மீன்பிடிக்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, எது அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று. விளங்கியதும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், ஆமாம், சத்தமாகவே சந்தோஷப்பட்டார்கள், தேசிங்கு உயிரோடு இருக்கிறான் என்று கற்பூரம் ஏற்றினார்கள், சமையல்காரருக்குக் கறிச்சோறு போட்டார்கள், நாட்டார் கலெக்டர் ஆபீசுக்கு நாளைக்கே போகலாம் என்றார்.

மறுநாள் மாசிமகத்து வேலை இருக்கிறது என்றார். மாசிமகம் முடிந்ததும், பஞ்சாயத்தார் எல்லாரும் சேர்ந்து போனால்தான் மரியாதை, இரண்டு பேர் வெளியூர் போயிருக்கிறார்கள் என்றார். அவர்கள் வந்ததும், மீன் பாடு இருக்கும்போது ஆண்பிள்ளைகள் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று ஏகாம்பரம் சொன்னான். அவன் பெண்டாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள். “அண்ணன் வரட்டும் அண்ணி, யாரு வேணாம்னா?” என்றான். உண்மையிலேயே வேண்டாம் என்று அந்த ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். போகலாம் போகலாம் என்று சொல்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் தனியாகவே கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். ஊர்த்தலைவரை அழைத்து வாம்மா, அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அங்கிருந்தவர் நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து நாட்டார் வீட்டு வாசலில் பட்டினியாக உட்கார்ந்தாள். நாட்டாரின் பெண்டாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்தாள், வெயிலுக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பரிதாபப்பட்டார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அவளை ஒருத்தன் கைநீட்டி அடித்திருந்தால்கூட இவ்வளவு எரியாது.

ஆனந்தாயிதான் கடைசியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஒன் புருஷன் உசுரோடதானே இருக்காரு தையலு. எங்க புருஷனுங்களும் உசுரோட இருக்காங்க. கொஞ்ச நாளு இப்டியே இருக்கட்டுமே.”

தையல்நாயகி எழுந்து, மோர்ச் சொம்பைக் கவிழ்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கதவை உடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. உடைத்தால் ஊருக்கு அவனைப் பிடித்துவைக்கக் காரணம் இருக்காது. ஆனால் உடைக்கிற அரிவாள் அங்கே யார் மேல் விழும் என்று தெரியாதே. அரிவாளோடு போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பங்குனியில் காற்று மாறி மாறி அடித்தது, தேசிங்கின் கால் நாள் தவறாமல் நனைந்தது, ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை, எல்லாரும் அவனுக்கு நன்றி சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே விழுந்த கறுப்பு தொடைக்கு ஏறியது.

சித்திரை கடைசியில் சௌந்தரவல்லி வந்தாள். படகெல்லாம் மணலில் ஏறியிருந்தன, இனி யாரும் கடலுக்குப் போகவேண்டியதில்லை, ஆகையால் நாட்டாருக்கும் பஞ்சாயத்தாருக்கும் திடீரென்று வேளை கூடிவந்தது. கதை முடிந்ததும் வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம் என்று நாட்டார் ஊர் முன்னால் சொன்னார், சலவை வேட்டி எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். தையல்நாயகி அவர் காலில் விழுந்தாள். அவ்வளவு காலம் காக்கவைத்தவர் காலில் விழுந்தாள். அவள் சிரித்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதை. பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்களும் போயிருந்தோம். கன்னிமார் கதவைத் திறந்தாள், அதற்குள் ஒரு கதவைத் திறந்தாள், அதற்குள் ஒவ்வொரு குடும்பமாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, கொட்டகையிலிருந்து தூக்கிவந்து தனியாக நிறுத்தியிருந்த தேசிங்கு வீட்டுக் கதவுக்கு வந்தாள். தாத்தனைத் தொட்டாள், அப்பனைத் தொட்டாள், தேசிங்கைத் தொட்டாள். தொட்டதும் பாட்டு நின்றது. மயிலிறகைத் திருப்பிப் பார்த்தாள். புறங்கையால் அவன் நெற்றியை, மார்பை, காலைத் தடவினாள், பிறகு அந்தக் கையை எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று கத்தினாள், அது தையல்நாயகி இல்லை. எல்லாரும் அழுதார்கள், நான் பொய் சொல்லவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள், ஏகாம்பரம் மணலில் புரண்டான். அடுத்த வாரம் நைனா முகம்மது போனில் விசாரித்துச் சொன்னார், புண் அழுகி ஜுரம் கண்டு வியாழக்கிழமை சாயங்காலம் போய்விட்டார், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று. அது ஏற்கனவே ஊருக்குத் தெரிந்த சேதி. தேசிங்குக்குச் செய்த மாதிரி ஒரு கருமாதியை அந்தக் கடற்கரை பார்த்ததில்லை; பறை வைத்தார்கள், பந்தல் போட்டார்கள், நாலு ஊருக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

கருமாதி முடிந்த கையோடு நாட்டார் சௌந்தரவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிற யாரையாவது உயிரோடு இருக்கும்போதே கதவில் எழுதிப் பார்த்தால் என்ன, வீட்டில் ஒப்புக்கொண்டால் அந்த வீட்டை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டாராம். அவள் கீல் கீலாகக் கழற்றி, கோரைக்குப்பத்துக் கதவுகள் அத்தனையையும் கோயில் வாசலில் அடுக்கிவிட்டு, உங்கள் செத்தவர்களை இனி நீங்களே பெயர் சொல்லித் தொட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பிப் பார்க்கவில்லை.

தடைக்காலம் முடிந்தது. எங்கள் ஊர்ப் படகுகள் போயின, மற்ற ஊர்ப் படகுகள் போயின, கோரைக்குப்பத்தார் மணலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வானத்தைப் பார்த்தால் வானமாக இருந்தது, கடலைப் பார்த்தால் கடலாக இருந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் வாசிக்க வரவில்லை. போனைக் கேட்டால் அது எப்போதும்போல் போகாதே என்றது. துணிந்தவர்கள் கரையை ஒட்டிப் போய்ச் சென்னாக்குனி என்கிற பொடி இறாலை வாரிக்கொண்டு வந்தார்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, நகைகள் அடகுக்குப் போயின, ஐப்பசியில் அடுப்புப் பல வீட்டில் ஒருவேளைதான் எரிந்தது.

தையல்நாயகி வெறுங்கழுத்தோடு தினமும் கடலோரத்தில் வந்து நின்றாள், விடிவதற்கு முன்னால் வருவாள், வெயில் ஏறினதும் போவாள். யாரோடும் பேச்சு இல்லை. புருஷன் போன கடலைப் பார்த்துப் பார்த்துக் கடல் அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் அவள் சட்டென்று கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டு மூடினாள், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, அரைமணி நேரத்தில் மழை கொட்டியது. அதை ஊர் பார்த்தது. இன்னொரு நாள் அவள் சாவகாசமாகக் கருவாட்டைப் பரப்பினாள், போன் அலறிக்கொண்டிருந்தது, அன்று பொழுதுக்கும் காற்றே இல்லை. அதையும் ஊர் பார்த்தது. தேசிங்கு போகவில்லை, பெண்டாட்டிமேல் இறங்கியிருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. இவர்கள் எதையும் ஒரு வாரத்தில் பழக்கமாக்கிக்கொள்வார்கள் என்று நான் முதலிலேயே சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை எங்கள் ஊரில் ஒரு படகும் இறக்கவில்லை. தென்கிழக்கே கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில் செம்பு நிறத்தில் ஒரு கோடு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த இரைச்சல். எங்கள் ஊர்ப் பொடிசுகளுக்குக்கூட அது என்ன என்று தெரியும். கோரைக்குப்பத்தில் ஆண்கள் எல்லாரும் குளித்து, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, படகுகளில் டீசலும் வலையும் ஏற்றிவைத்துவிட்டு, தையல்நாயகி நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். முன்னால் நாட்டார், அவர் பின்னால் ஏகாம்பரம், செல்லக்கண்ணு, அவர்கள் பின்னால் அத்தனை பேரும். பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் அன்று வட்டிக்கடை விஷயமாக அங்கே போயிருந்தவன், ஒதுங்கி நின்றேன். இது வேண்டாம் என்று என் வாயில் வந்தது. வெளியூர்க்காரன் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்?

நாட்டார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தாயி, நீதான் சொல்லணும். இன்னிக்குப் போலாமா?”

அவள் விடியுமுன் வந்தவள். அந்தச் செம்புநிறக் கோட்டை எங்களுக்கெல்லாம் முன்னால் பார்த்தவள். அன்றைக்குக் கருவாட்டுக் கூடையைக்கூட வீட்டிலிருந்து எடுத்துவரவில்லை. திரும்பி, நாட்டாரைப் பார்த்தாள், ஏகாம்பரத்தைப் பார்த்தாள், தள்ளி நின்ற பெண்களில் ஆனந்தாயியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போங்க” என்றாள். “கடல் நல்லாத்தான் இருக்கு.”

அவர்கள் அவளைக் கும்பிட்டுவிட்டுப் படகுகளைத் தள்ளினார்கள். எல்லாப் படகும் போயின. ஆனந்தாயி நிம்மதியாக அவள் பக்கத்தில் வந்து நின்று, இருவருமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.